எரிந்த ஊரிலிருந்து வந்தவர் செய்த கார்

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் மொரிஸ் மைனர் என்று சொன்னால் வேறு விளக்கம் தேவையில்லை. கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளையை ஏற்றிப் போன கார் அது. நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிய காரும் அதுதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ40 காரோடு சேர்ந்து மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடியதையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதை யார் செய்தது என்று கேட்டால், வெள்ளைக்காரன் செய்தது என்பார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. மொரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், எரியப்போகும் நகரம் ஒன்றிலிருந்து பதினைந்து வயதில் தாய் தகப்பனோடு கப்பலேறிய அகதி.

அந்த நகரத்தின் பெயர் ஸ்மிர்னா. இன்று துருக்கியின் இஸ்மீர். 1906 நவம்பர் 18 அன்று இசிகோனிஸ் பிறந்தபோது அது ஒட்டோமான் பேரரசின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. கிரேக்கர், துருக்கியர், ஆர்மீனியர், யூதர், தலைமுறைகளாக அங்கே தங்கிவிட்ட ஐரோப்பிய வணிகக் குடும்பங்கள் என்று எல்லோரும் ஒரே கடற்கரையைப் பகிர்ந்து வாழ்ந்த ஊர். இசிகோனிஸின் பாட்டனார் பாரோஸ் என்ற கிரேக்கத் தீவிலிருந்து வந்தவர். பிரித்தானியர் அங்கே போட்ட ரயில் பாதையோடு சேர்ந்த வேலையால் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். தகப்பன் கொன்ஸ்டன்டைன் கப்பல்களுக்கான இயந்திர வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தினார். தாய் ஹுல்டா ஜேர்மன் வழி வந்தவர். கிரேக்கப் பெயர், பிரித்தானியக் கடவுச்சீட்டு, ஜேர்மன் தாய், துருக்கிய மண். அமைதிக் காலத்தில் இந்தக் கலவை யாருக்கும் தொந்தரவாக இருக்கவில்லை. யுத்தம் வந்ததும் ஒவ்வொன்றும் ஒரு குற்றச்சாட்டாக மாறியது.

முதலாம் உலக யுத்தத்தில் ஒட்டோமான் அரசு ஜேர்மனியின் பக்கம் நின்றது. பிரித்தானியக் குடியுரிமை வைத்திருந்த குடும்பம் எதிரி நாட்டவர் ஆனது. தொழிற்சாலை ஜேர்மனியரின் கைக்குப் போனது. 1919 இல் கிரேக்க இராணுவம் ஸ்மிர்னாவில் இறங்கியது. மூன்று வருடம் கழித்து, 1922 செப்ரெம்பர் 9 அன்று, துருக்கியப் படைகள் நகருக்குள் நுழைந்தன. 13 ஆம் திகதி தீ தொடங்கியது. கிரேக்கரும் ஆர்மீனியரும் வாழ்ந்த பகுதிகள் பல நாட்கள் எரிந்தன. முன்னால் கடல், பின்னால் நெருப்பு, இடையில் லட்சக்கணக்கான சனம். துறைமுகத்தில் வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. அவற்றுக்கு முதலில் கொடுக்கப்பட்டிருந்த கட்டளை தமது நாட்டவரை மட்டும் ஏற்றும்படியானது. இதை வாசிப்பவர்களில் பலருக்கு அந்தக் கடற்கரையை நான் விவரித்துக் காட்டத் தேவையில்லை.

இசிகோனிஸ் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்தப் பாட்டனார் பெற்ற குடியுரிமைதான். பெரும் தீக்குச் சற்று முன்பே பிரித்தானியக் கடற்படையினர் அவர்களை மோல்டா தீவுக்குக் கொண்டுபோனார்கள். வீடும் தொழிற்சாலையும் போயின. தகப்பன் நோயாளியானார்; லண்டனைக் காணாமலே மோல்டாவில் இறந்துபோனார். 1923 இல் தாயும் மகனும் மட்டும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். யுத்தத்தால் ஒழுங்கான பள்ளிக்கூடப் படிப்பு இல்லாத பதினாறு வயதுப் பையன். அவனிடம் இருந்தது தகப்பனின் தொழிற்சாலையில் இரும்பு வேலை பார்த்து வளர்ந்த கண்ணும், கையில் எடுத்த எதையும் வரைந்து பார்க்கும் பழக்கமும்.

லண்டனில் பற்றர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்தார். கணிதத்தில் மூன்று தடவை தவறினார். இதை நான் வேண்டுமென்றே சொல்லுகிறேன். இடம்பெயர்ந்து மரத்தடியில் படித்து, சோதனையில் ஒரு பாடம் தவறியதால் பொறியியல் கனவை விட்டவர்கள் எங்களிடையே நிறையப் பேர். இசிகோனிஸ் பிற்காலத்தில் கணிதத்தைப் படைப்பாற்றலின் எதிரி என்று கேலி செய்தார். அது புகழ் வந்தபின் பேசிய பேச்சு என்றே எனக்குப் படுகிறது. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அவருக்குப் பக்கத்தில் எப்போதும் தேவைப்பட்டார்கள், இருந்தார்கள். அவர் காகிதத்தில் கிறுக்கிய படங்களை அளவோடு கூடிய வேலைப்படங்களாக மாற்றிக் கொடுத்த ஜக் டானியல்ஸ் இல்லாவிட்டால் மொரிஸ் மைனரும் மினியும் கிறுக்கல்களாகவே இருந்திருக்கும்.

படிப்பு முடிந்ததும் லண்டனில் ஒரு சிறிய அலுவலகத்தில் கிளச் சம்பந்தமான கண்டுபிடிப்பு ஒன்றில் வேலை. பிறகு 1934 இல் கொவென்றி நகரத்தில் ஹம்பர் கார்க் கம்பனி. அங்கேதான் சஸ்பென்சன் அவருடைய வாழ்நாள் விஷயமானது. சில்லுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே இருக்கும் ஸ்பிரிங், சொக்கப்சோபர், தாங்கும் கைகள் எல்லாம் சேர்ந்ததே சஸ்பென்சன். அந்தக் காலத்துக் கார்களில் முன் இரண்டு சில்லையும் ஒரே இரும்பு அச்சு இணைத்திருந்தது. அச்சின் மேல் வில்லுத் தகடு. மாட்டுவண்டியிலிருந்து பெரிதாக விலகாத ஏற்பாடு. இடது சில்லு குழியில் இறங்கினால் வலது சில்லும் சரியும். ஸ்ரேரிங் கையில் உதறும். ஒவ்வொரு சில்லும் தன்பாட்டில் ஏறி இறங்க விட்டால் என்ன என்ற கேள்வி அப்போது ஐரோப்பா முழுவதும் பொறியியலாளர்களைப் பிடித்திருந்தது.

இசிகோனிஸ் அதற்குப் பதில் தேடியது கம்பனியில் மட்டுமல்ல, ஒரு கராஜிலும்தான். 1930களில் பிரித்தானிய இளைஞர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. மலிவான ஒஸ்ரின் செவன் காரொன்றை எடுத்து, தேவையில்லாததைக் கழற்றி எறிந்து, அங்கிங்கு கிடைத்த உறுப்புகளைப் பொருத்தி, தமக்கென்று ஒரு பந்தயக் கார் செய்வார்கள். அதற்கு ஸ்பெஷல் என்று பெயர். பழைய போர்ட் கார்களையும் பிக்கப்களையும் வைத்து அமெரிக்க இளைஞர்கள் இதே வேலையைச் செய்து ஹொட் ரொட் என்று பெயர் வைத்தார்கள். இசிகோனிஸ் முதலில் தன்னுடைய ஒஸ்ரின் செவனுக்குத் தானே வடிவமைத்த முன் அச்சைப் பூட்டிப் பந்தயம் ஓடினார். அது போதவில்லை. 1933 அளவில் ஜோர்ஜ் டௌசன் என்ற நண்பருடன் சேர்ந்து அடியிலிருந்து புதிதாக ஒரு காரைத் தொடங்கினார். மாலை நேரங்களிலும் ஓய்வு நாட்களிலும், பெரும்பாலும் கைக்கருவிகளால் செய்த வேலை. முடிய 1938 ஆனது.

லைற்வெயிற் ஸ்பெஷல் என்ற அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு அடிச்சட்டம் கிடையாது. ஒட்டுப்பலகையின் இரு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிச் செய்த உடம்பே சட்டமாகவும் இருந்தது. எடை 600 இறாத்தலுக்கும் குறைவு. எஞ்சின் ஒஸ்ரின் செவனின் பந்தய எஞ்சின். சஸ்பென்சனில்தான் அவருடைய முழு மூளையும் இருந்தது. நான்கு சில்லும் தனித்தனியே அசைந்தன. ஸ்பிரிங்குக்கு உருக்குக்குப் பதிலாக இறப்பர். கெற்றப்போலுக்குக் கட்டுகிற மாதிரியான இறப்பர்ப் பட்டைகள் இழுபட்டுச் சுருங்கிப் பின்சில்லுகளைத் தாங்கின. உருக்கு வில்லுத் தகடு எடை கூடியது. அந்த எடையில் ஒரு பங்கு சில்லோடு சேர்ந்து குதிக்கும். குதிக்கிற எடை கூடினால் சில்லு தரையை விட்டுக் கிளம்பும். தரையை விட்டுக் கிளம்பிய சில்லுக்குத் திருப்பவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. காரின் மொத்த எடை குறைவாக இருக்கும்போது இது இன்னும் மோசமாகும். ஆகவே சில்லோடு சேர்ந்து குதிக்கும் ஒவ்வொரு அவுன்சையும் அவர் கழித்தார். 750 சிசி வகுப்புக்குச் செய்த கார், 1100 சிசி வகுப்பிலும் போய் வென்றது.

வன்னியில் ஒரு வாகனத்துக்கு இன்னொன்றின் வில்லுத் தகட்டைப் பொருத்திய எவருக்கும் இந்தக் கணக்குக் கையில் தெரியும். கணிதப் பெயர் தெரியாமல் இருக்கலாம். கண்ணிலிருந்து கண்வரை நீளம் பொருந்துகிறதா, நடு ஆணி அச்சுக்கு நேரே வருகிறதா, எத்தனை தகடு வைத்தால் பாரத்தோடு ஓடும், எத்தனை வைத்தால் வெறுமையாக ஓடும்போது முதுகை உடைக்கும் என்பதெல்லாம் சஸ்பென்சன் கணக்குத்தான். வளைவு போதாத தகட்டைப் பழுக்கக் காய்ச்சி வளைத்தால் அதன் உறுதி போய்விடும், ஒரு மாதத்தில் படுத்துவிடும் என்பதும் அடிபட்டுக் கற்ற பாடமாகவே பலரிடம் இருக்கிறது.

1936 இல் இசிகோனிஸ் ஒக்ஸ்போர்ட் நகரத்துக்கு அருகே கௌலியிலிருந்த மொரிஸ் கம்பனிக்குப் போனார். அங்கே டானியல்ஸுடன் சேர்ந்து தனித்தனியே அசையும் முன்சில்லு அமைப்பொன்றைச் செய்தார். செலவு கூடுகிறது என்று கம்பனி அதைத் தள்ளிவைத்தது. யுத்தத்துக்குப் பிறகு 1947 இல் வந்த எம்ஜி வை காரில்தான் அது வெளிச்சம் கண்டது. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, இராணுவ வாகன வேலைகளுக்கு நடுவில், மொஸ்கிற்றோ என்ற இரகசியப் பெயரில் ஒரு சிறிய குடும்பக் காருக்கான வேலை தொடங்கியது. அவரோடு டானியல்ஸும் ரெக் ஜொப் என்ற இன்னொருவரும். பெரிய கம்பனியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு முழுக்காரையும் வடிவமைத்தார்கள் என்பது இன்று நம்பக் கடினம்.

அந்தக் கார் மொரிஸ் மைனராக 1948 ஒக்டோபரில் லண்டன் மோட்டார்க் கண்காட்சிக்கு வந்தது. விலை 358 பவுண். வருவதற்குக் கொஞ்சம் முன்பு நடந்த ஒன்று எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை. மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று இசிகோனிஸுக்கு மனக்குறை. காரை நெடுக்கே இரண்டாக வெட்டச் சொன்னார். இரண்டு பாதியையும் விலக்கி விலக்கிப் பார்த்து, கண்ணுக்குச் சரியாகப் பட்ட இடத்தில் நிறுத்தினார். இடைவெளி நான்கு அங்குலம். பம்பர் ஏற்கெனவே செய்து முடிந்திருந்தபடியால் முதல் கார்களில் பம்பரை நடுவில் வெட்டி நான்கு அங்குலத் துண்டு வைத்தார்கள். பொனெற் நடுவே ஓடும் மேடான பட்டை இன்றும் அந்த நான்கு அங்குலத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. கம்பனியின் சொந்தக்காரரான நஃபீல்ட் பிரபுவுக்குக் காரைப் பிடிக்கவில்லை. சுடுதண்ணீரில் உடைத்துவிட்டு அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று அலுத்துக்கொண்டாராம். அந்த முட்டை 1960களின் தொடக்கத்தில் பத்து லட்சத்தைத் தாண்டியது. பிரித்தானியக் கார் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 லட்சம் அளவில் விற்றிருந்தது. 1953 இலிருந்து தனி அடிச்சட்டத்தோடு வானும் பிக்கப்பும் வந்தன.

எங்களுடைய கதைக்கு முக்கியம் அதன் முன்சில்லுகள். அங்கே சுருள் ஸ்பிரிங்கும் இல்லை, வில்லுத் தகடும் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் காரின் நீளவாட்டில் ஒரு நேரான உருக்குத் தண்டு படுத்திருக்கும். முன்முனை சில்லைத் தாங்கும் கீழ்க்கையோடு, பின்முனை முன்சீற்றுக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தோடு. சில்லு மேலே போகும்போது தண்டு முறுகும். முறுகிய தண்டு திரும்ப நேராகப் பார்க்கும். அவ்வளவுதான் ஸ்பிரிங். பிரெஞ்சுக் கார்க் கம்பனியான சித்ரோன் இதை முன்பே செய்திருந்தது. இசிகோனிஸ் அதை விரும்பி எடுத்துக்கொண்டார். தண்டின் முனையிலுள்ள பற்களை மாற்றிப் பொருத்தினால் காரின் முன்பக்கம் உயரும், தாழும். புதிய பொருள் எதுவும் வாங்காமல், தொய்ந்துபோன பழைய காரை நிமிர்த்திவிடலாம்.

குறையும் உண்டு, அதை மூடி மறைத்தால் கார் வைத்திருந்தவர்கள் சிரிப்பார்கள். சில்லைத் திருப்பும் நிமிர்ந்த அச்சின் இரண்டு முனையும் மரையால் ட்ரனியன் என்ற உறுப்புக்குள் திருகப்பட்டிருக்கும். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை அதற்குக் கிறீஸ் அடிக்க வேண்டும். விட்டால் மரை தேயும். தேய்ந்த மரை ஒருநாள் கழன்று, சில்லு மட்காட்டுக்குக் கீழே மடிந்து, கார் வீதியில் முழந்தாளிடும். இங்கிலாந்திலும் நடந்ததுதான். ஆனால் இங்கிலாந்தில் கடையில் கிறீஸ் இருந்தது.

1990 யூனில் யுத்தம் மறுபடி தொடங்கியபின் வடக்குக்குப் போகக்கூடாத பொருட்களின் பட்டியல் வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் அதில் இருந்தன. யாழ்ப்பாணத்தில் 1995 இடப்பெயர்வு வரையும், வன்னியில் 2002 சமாதான காலம் வரையும் ஏதோ ஒரு வடிவத்தில் அந்தத் தடை நீடித்தது. புதிய வாகனங்கள் நின்றுபோக, ஒதுக்கிவைத்திருந்த பழைய ஏ40களும் மொரிஸ் மைனர்களும் கொட்டில்களிலிருந்து வெளியே வந்தன. அமுக்கம் குறைந்த அவற்றின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயைத் தாங்கின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலில் இயக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி அந்தப் போத்தல். பெற்றோல் துளியாகச் செலவழித்த காலத்தில் சிறுபிள்ளைகளாக இருந்த எங்கள் தலைமுறைக்குக் காரின் வாசம் என்றால் மண்ணெண்ணெய்ப் புகைதான்.

எண்ணெய்க்கு ஒரு வழி கண்டார்கள். சஸ்பென்சனுக்கு? குண்டு விழுந்த வீதியில், சங்கடப் படலைக்கு மேல் ஏற்றிய பாரத்தோடு ஓடிய கார்களில் முதலில் போனது அதுதான். புதிய ட்ரனியன் வராது. ஓடாத கார் ஒன்றிலிருந்து கழற்ற வேண்டும், அல்லது தேய்ந்ததைக் கடைச்சல் பட்டறையில் கொடுத்துப் பித்தளை அடித்துப் புதிய மரை போட வேண்டும். மொரிஸ் மைனரின் சொக்கப்சோபர் கை ஒன்று நீட்டிய பெட்டி மாதிரி. அந்தக் கையே சில்லைத் தாங்கும் மேல்கையாகவும் இருக்கும். எண்ணெய் கசிந்து வெறுமையானாலும் அதைக் கழற்றி எறிய முடியாது, கழற்றினால் சில்லே நிற்காது. இருக்கிற எண்ணெய் எதையாவது ஊற்றி ஓட்ட வேண்டியதுதான். மெக்கானிக்குகள் என்று அன்று அழைக்கப்பட்டவர்களில் பலர் ஒரு சான்றிதழும் இல்லாதவர்கள். லைற்வெயிற் ஸ்பெஷலைச் செய்தவர்கள் விரும்பித் தேர்ந்த வேலை இவர்களுக்கு வேறு வழியில்லாத வேலை. இரண்டையும் ஒரே வீரமாகப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. இசிகோனிஸ் தோற்றால் ஒரு பந்தயம் போயிருக்கும். இங்கே ஒரு ட்ரனியன் கழன்றால் ஆஸ்பத்திரி போய்ச் சேராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடக்குக்கு உதிரிப்பாகம் தடைசெய்யப்பட்டிருந்த அதே 1990களில், இதே தீவில், மொரிஸ் மைனருக்கான உடற்தகடுகளும் உறுப்புகளும் புதிதாகச் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாகின. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பழைய மைனர்களைப் புதுப்பிப்பவர்களுக்காகத் தொடங்கிய முயற்சி அது. ஓமந்தையைத் தாண்ட முடியாத பொருள் கடலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

இசிகோனிஸின் மிச்ச வாழ்க்கை உலகம் அறிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1952 இல் மொரிஸும் ஒஸ்ரினும் ஒன்றாகி பிஎம்சி ஆனபோது அவர் அல்விஸ் என்ற கம்பனிக்குப் போனார். அங்கே செய்த கார் வெளிவரவில்லை. 1955 முடிவில் திரும்ப அழைக்கப்பட்டார். 1956 சூயெஸ் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தது. எண்ணெய் குடிக்காத சின்னக் கார் ஒன்றை உடனே செய் என்று பிஎம்சி தலைவர் லெனாட் லோர்ட் கட்டளையிட்டார். 1959 ஓகஸ்ட் 26 அன்று மினி வந்தது. பத்து அடி நீளம், பத்து அங்குலச் சில்லு, குறுக்கே திருப்பிவைத்த எஞ்சின், அதன் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே கியர்பொக்ஸ், நான்கு பேருக்கு இடம். ஸ்பிரிங்குக்கு மறுபடியும் இறப்பர். கராஜில் டௌசனோடு பரிசோதித்த எண்ணத்தை, அலெக்ஸ் மோல்டன் என்ற இறப்பர் நிபுணர் கூம்பு வடிவ இறப்பராக முழுமைப்படுத்திக் கொடுத்தார். மினி 1964, 1965, 1967 ஆகிய வருடங்களில் மொன்ரே கார்லோ பந்தயத்தை வென்றது. 2000 ஆம் ஆண்டுவரை 53 லட்சத்துக்கு மேல் விற்றது. இன்று வீதியில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை அந்தக் குறுக்கு எஞ்சின் ஏற்பாட்டின் பிள்ளைகள்.

புகழ் அவரைப் பிடிவாதக்காரர் ஆக்கியது. வாங்குகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்பதை வீண்வேலை என்று நினைத்தார். சீற் சொகுசாக இருந்தால் சாரதி தூங்கிவிடுவான் என்பது அவருடைய வாதம். வானொலியும் வேண்டாம் என்றார். முதல் மினிகளில் மழை பெய்தால் தரையில் தண்ணீர் நின்றது. மினியால் கம்பனிக்குப் பெரிய லாபமும் வரவில்லை. 1968 இல் கம்பனிகள் இன்னொரு தடவை ஒன்றாகி பிரிட்டிஷ் லேலண்ட் ஆனபோது தொழில்நுட்பத் தலைமையிலிருந்து அவர் ஒதுக்கப்பட்டார். மினிக்குப் பதிலாக அவர் வடிவமைத்து வைத்திருந்த 9எக்ஸ் என்ற கார் கைவிடப்பட்டது. 1969 இல் சேர் பட்டம் கொடுத்தார்கள். பட்டம் கொடுத்து ஓரங்கட்டுவது எங்களூரிலும் தெரிந்த முறைதான். 1971 இல் ஓய்வுபெற்றபோது அவர் கேட்டு வாங்கிய பரிசு, பொருத்தி விளையாடும் மெக்கானோ பெட்டிகளிலேயே மிகப் பெரியது.

கலியாணம் செய்யவில்லை. ஸ்மிர்னாவிலிருந்து கூட வந்த தாய் 1972 இல் இறக்கும்வரை அவரோடுதான் இருந்தார். ஐம்பது வருடம் ஒரே வீட்டில் தாயும் மகனும். எரிந்த ஊரைப் பற்றி வெளியில் அதிகம் பேசாத மனிதர், அந்த ஊரில் தன்னைத் தெரிந்த கடைசி ஆளையும் அன்று இழந்தார். 1988 ஒக்டோபர் 2 அன்று பேர்மிங்ஹாமில் அவர் இறந்தார். லைற்வெயிற் ஸ்பெஷல் இன்றும் இருக்கிறது.

இங்கே என்ன மிஞ்சியது? பளைக்குத் தெற்கே ஏ9 வீதியில் ஆனையிறவில் இரும்புக் கவசம் போர்த்திய ஒரு புல்டோசர் நினைவுச்சின்னமாக நிற்கிறது. 1991 சண்டையில் புலிகள் கொண்டுவந்தது. தெற்கிலிருந்து வருகிறவர்கள் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். கிடைத்த வாகனத்தை வேறொன்றாக மாற்றும் வேலைக்கு இந்த வீதியில் அரசு வைத்திருக்கும் ஒரே சாட்சி அந்த யுத்த இயந்திரந்தான். நோயாளியையும் நெல்லையும் பிரேதத்தையும் ஏற்றி ஓடிய சனத்தின் வாகனங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பளை, இயக்கச்சி, முகமாலைச் சனம் ஒன்றுக்குப் பலதடவை இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு தடவையும் ஓடக்கூடியது மட்டும் கூடப் போனது. ஓடாதது தென்னைக்குக் கீழே நின்று ஷெல் பட்டது, அல்லது கண்ணிவெடி வயலுக்குள் அகப்பட்டது. 2009 இல் கடைசியாகக் கூடப் போனவையும் புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் ஆயிரக்கணக்கில் கருகிக் கிடந்தன. பிறகு அவை பழைய இரும்பாக லொறி லொறியாக ஏறின. 2014 மார்ச்சில் பளைவரை ரயில் வந்தபோது, தண்டவாளத்துக்கு இரு பக்கமும் மிதிவெடி அகற்றும் சிவப்புப் பலகைகள் இன்னும் நின்றன.

அதையும் தப்பி நிற்கிற மொரிஸ் மைனர்கள் யாழ்ப்பாணத்தில் சில இருக்கின்றன. வன்னியில் இன்னும் குறைவு. பிரித்தானியாவில் அவற்றுக்கு ட்ரனியன், முறுக்குத் தண்டு, இறப்பர் எல்லாம் புதிதாக விற்கிறார்கள். காசும் அங்கே ஒரு உறவும் இருந்தால் வரவழைக்கலாம். இல்லாதவர்களுக்குப் பழைய வழிதான்: பற்றைக்குள் நிற்கும் ஒன்றிலிருந்து கழற்றி நிற்க வேண்டிய ஒன்றுக்குப் பூட்டுவது. அப்படிக் கழற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிதாக வரும்போது இரண்டு முறுக்குத் தண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் வருடக்கணக்கில் ஒரே பக்கமாக முறுகிப் பழகிய தண்டை எதிர்ப்பக்கத்தில் பூட்டினால் அது உடையும். சாவியைப் போடுவதற்கு முன், எது இடது எது வலது என்று இரண்டிலும் பெயின்றால் குறித்துவிட வேண்டும்.